கறுப்பும் கறுப்பும் நடுவில்

அப்பாவின் 1997ஆம் ஆண்டுக் கணினி ஸ்டோர் ரூமில் கிடந்தது. அம்மா சித்திக்கு எழுதிய கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன. அம்மா போய் ஆறு வருடமாகிறது.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். கோப்புகள் திறந்தன, தமிழைத்தான் காணோம். யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் எல்லாம் வெறும் கிறுக்கல். சரி, பழைய பெட்டியையே எழுப்பிவிடலாம் என்று இறங்கினேன்.

செத்திருந்தது பவர் சப்ளை. நண்பரின் ஆபீசில் கழித்துப்போட்ட கணினியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது, நான்கு ஸ்குரூவும் பொருந்தின. அவ்வளவுதானா என்று நினைத்தபோதுதான் பிளக்கைப் பார்த்தேன். இதில் இருபது ஓட்டைகளோடு ஒரே பிளக். அப்பாவின் போர்டிலோ பன்னிரண்டு ஊசிகள், ஒரே வரிசையில்.

கிள்ளானில் ஒரு பழுதுபார்க்கும் கடை. அங்கிள் பார்த்ததும் சிரித்தார். "இது ஏடிஎக்ஸ், இன்டெல் 1995ல கொண்டு வந்தது. உங்கப்பாவோடது ஏடி, அதுக்கும் பழசு."

ஏடிஎக்ஸில் முன்பக்க பட்டன் போர்டுக்கு ஒரு சைகை மட்டும்தான் கொடுக்கும். ஏடியில் அந்த பட்டனுக்கே வீட்டு மின்சாரம் நேராக வருகிறது, 240 வோல்ட். விளையாட்டில்லை. சாமான் குவியலிலிருந்து ஒரு ஏடி பெட்டியை எடுத்துக் கொடுத்தவர், பின்னால் இருக்கும் சிவப்பு சுவிட்ச் 230இல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 115இல் வைத்துச் செருகினால் டமார்தான்.

அதைவிட ஆபத்து வேறு. ஏடியில் ஆறாறு கம்பியுடன் இரண்டு பிளக். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும், போர்டு கருகிவிடும்.

"கறுப்பும் கறுப்பும் நடுவுல சேந்து வரணும் தம்பி. அத மட்டும் மறந்துடாத லா."

மூன்று முறை சரிபார்த்தேன். தினமும் மைக் முன்னால் நடுங்காத எனக்கு, பட்டனை அழுத்தும்போது விரல் நடுங்கியது. 'பீப்' என்று ஒரு சத்தம். பேட்டரி தீர்ந்து தேதியும் டிஸ்க் விவரமும் மறந்திருந்தன; பயாஸில் டிஸ்க்கைத் தேட வைத்ததும் விண்டோஸ் 95 மெதுவாக வந்தது.

முதல் கடிதத்தைத் திறந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"பாரு, கோழிக்கறிக்குச் சின்ன ரகரம் போட்டிருக்கா. எத்தன தடவ சொல்லியிருப்பேன்!"