நான்கு பரப்பும் பதினொராம் மாடியும்

யாழ்ப்பாணத்திலிருந்து அன்னையார் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கின்றார். கணவரை இழந்தவர், ஒரே மகன். மகனும் மருமகளும் கொழும்பிலே உத்தியோகம் பார்க்கின்றனர். மணமாகிய நாள் முதல் மூன்றாண்டுகளாகக் கொம்பனித்தெருவிலே தொடர்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கின்றனர். இப்பொழுது அதே பகுதியில் எழும்பிக்கொண்டிருக்கும் வேறொரு கட்டடத்தின் பதினொராம் மாடியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்க எண்ணுகின்றனராம். முதற்பணத்திற்காக, அன்னையார் தமக்குச் சீதனமாக வந்த நான்கு பரப்புத் தோட்டக் காணியை விற்றுத் தரவேண்டும் என்பது மகனின் வேண்டுகோள். "விற்றால் ஊரார் ஏசுவர், விற்காவிடின் பிள்ளையின் மனம் முறியும். தாங்கள் அவ்விடத்தை ஒருமுறை பார்த்து எழுதுவீர்களா?" என்று கேட்கின்றார்.

கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதோடு இப்பகுதியில் நம் கடமை முடிந்துவிடுவது வழக்கம். இம்முறை மனம் கேளாமல், ஒரு சனிக்கிழமை பிற்பகல் பஸ் ஏறிப் போய் வந்தோம்.

கொம்பனித்தெரு பழைய இடம். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளைக் குடியிருத்திய இடமாதலின் ஆங்கிலேயர் அதனை அடிமைத்தீவு என்றே வழங்கினர். மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்னும் பெயர்களும், 1786ஆம் ஆண்டு தொட்டு நிலைபெற்ற வேகந்தைப் பள்ளிவாசலும், கியூ வீதியிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், யார் யார் அங்கு வந்து வேர்விட்டனர் என்பதைச் சொல்லாமற் சொல்கின்றன. அவ்வொழுங்கைகளின் தலைக்கு மேலே இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. கீழே ஒன்றரைப் பேர்ச்சிலும் இரண்டு பேர்ச்சிலும் மூன்று தலைமுறை வாழும் வீடுகள். மேலே பேரை வாவியைப் பார்த்தபடி இளந்தம்பதிகள்.

மாலை ஆறு மணிக்கு மேல் அத்தெருக்களில் நரைத்த தலையைக் காண்பதரிது. காரியாலயங்களிலிருந்து திரும்பும் வாலிபரும் யுவதிகளும் தேநீர்க் கடைகளில் நிறைந்து விடுகின்றனர். கொத்துரொட்டித் தட்டின் ஓசை நள்ளிரவுக்கும் ஓய்வதில்லை. இது நமக்கு உகந்ததன்று என்று முகஞ் சுளித்தோம், மருமகளோ சிரித்தார். "ஐயா, வெள்ளவத்தையில் இருந்தபோது காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் நிற்பேன். இங்கே பத்து நிமிடம் நடந்தால் வேலைத்தலம். இரவு ஒன்பது மணிக்கு வந்தாலும் எங்கே போனாய் என்று கேட்பார் எவருமில்லை" என்றார். கேட்பார் எவருமில்லை என்பதை அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். நமக்கு அது வேறுவிதமாகக் காதில் விழுந்தது. காய்ச்சல் வந்த அன்று ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கும் யாரைத் தட்டுவது என்று கேட்டோம். எதிர்வீட்டாரின் பெயர் இருவருக்கும் தெரியவில்லை.

கீழே ஒழுங்கையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் பாட்டனார் காலத்திலிருந்து அங்கேயே குடியிருப்பவர். 2010ஆம் ஆண்டு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை அவர் கண்ணால் கண்டிருக்கின்றார். "புதிய வீடுகளுக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் அவர்கள் வாகனத்தில் நேரே உள்ளே போய்விடுகிறார்கள், எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டின் பரப்பளவு 700 சதுர அடி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடியாதலின், அது இரண்டரைப் பேர்ச்சுக்குச் சிறிது கூட. யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்று பத்துப் பேர்ச். நான்கு பரப்பு 10,890 சதுர அடி. அன்னையாரின் தோட்டத்தில் இத்தகைய வீடுகள் பதினைந்தை நிலத்தில் பரப்பி வைக்கலாம்! இக்கணக்கைச் சொன்னபோது மகனுக்குச் சற்றே கோபம் வந்தது. "தோட்டத்திலிருந்து நான் வேலைக்குப் போக முடியாதே, ஐயா" என்றார். அதுவும் நியாயமே. காணியின் பெருமையைப் பேசிக்கொண்டு பிள்ளைகளை ஆயுள் முழுவதும் வாடகை வீட்டில் வைத்திருப்பதை நாமும் ஒப்புவதில்லை.

நம்மைக் கலங்கச் செய்தது வீட்டின் சிறுமையன்று, வீட்டின் பத்திரம். விற்பனைக் கந்தோரில் கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் வாவியும் தாமரைக் கோபுரமும் தெரியும் படங்களை விரித்துக் காட்டினார். தொடர்மாடிப் படம் பதிவாகியுள்ளதா என்று கேட்டோம். "கட்டடம் முடிந்ததும் வரும்" என்றார். இப்போது பணங் கட்டினால் என்ன தருவீர்கள் என்றோம். பற்றுச்சீட்டுத் தருவாராம்; ஒப்பந்தம் பின்னர் எழுதிக்கொள்ளலாமாம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இன்றும் உயிரோடிருக்கின்றது. அதன்படி காணி விற்பனை மட்டுமன்றி, விற்பதாகச் செய்யும் வாக்குறுதியும் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் இருவர் கையொப்பத்தோடு எழுதப்படல் வேண்டும். அவ்வாறு எழுதாத வெறும் பற்றுச்சீட்டைக் கொண்டு, "வீட்டை எனக்கே தா" என்று வழக்காடுவது எளிதன்று. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்பு இவ்விதம் முற்பணங் கொடுத்துவிட்டு, அதனை மீட்க அலைந்தே செருப்புத் தேய்ந்தார்.

தொடர்மாடி வீடு என்பது வெறுஞ் சுவரும் கூரையும் அன்று. சட்டம் உண்டாக்கிய ஒரு பொருள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதற்கு ஆதாரம். நில அளவையாளர் வரைந்த தொடர்மாடிப் படம் காணிப் பதிவகத்தில் பதிவான பின்னரே ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆதனமாகின்றது. படிக்கட்டு, மின்தூக்கி, நீர்த்தொட்டி, நிலம் ஆகியன எல்லார்க்கும் பொது. அவற்றைப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரர் அனைவரும் அங்கம் வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். மாதக் கட்டணம் எவ்வளவு, பெரிய திருத்தங்களுக்கென ஒதுக்கிய பணம் உண்டா, கட்டடம் அங்கீகரித்த படத்தின்படியே எழும்பியதென்னும் இணக்கச் சான்றிதழ் கிடைத்ததா என்பவற்றை, வாவியின் அழகைப் பார்க்கு முன் கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதை எவரும் மறந்திரார். அந்நாட்களில் மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் இல்லாத கட்டடங்களில் மேல்மாடிவாசிகள் பட்ட பாட்டை அவர்களிடமே கேட்டறிக.

கடன் பற்றியும் ஒரு சொல். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்திருந்த குடும்பங்களுக்கு மாதத் தவணை எவ்வாறு ஏறியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இத்தம்பதிகளோ இருவர் சம்பளத்தையும் முழுதாகக் கணக்கில் வைத்துத் தவணை போட்டிருக்கின்றனர். ஒரு குழந்தை பிறந்து மருமகள் சில காலம் வீட்டிலிருக்க நேர்ந்தால் அக்கணக்கு நிற்காது. இதைச் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவ்விஷயம் நாம் நினைத்ததிலும் கிட்டத்தில் இருக்கின்றது போலும்.

கனடாவிலுள்ள தாய்மாமன் பெயரில் வாங்கலாமா என்றொரு யோசனையும் அவர்களிடம் இருந்தது. அந்நாட்டுப் பிரசையாகி இலங்கைப் பிரசாவுரிமையை விட்டவருக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். தொடர்மாடி வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டெனினும் நிபந்தனைகள் உள. பிறர் பெயரில் வாங்கிப் பின்னர் உறவைக் கெடுத்துக்கொள்வானேன்?

அம்மையே, அவ்வட்டாரத்தில் வாழ்வதைத் தடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அவ்விடம் பிடித்திருக்கின்றது. காலில் சேறு படாமல் வேலைக்குப் போய்வருகின்றனர். பதினொராம் மாடியைத்தான் வேண்டாமென்கின்றோம். மூன்று தெரு தள்ளி, கட்டி முடிந்து பல்லாண்டுகளாக ஆட்கள் குடியிருக்கும் ஒரு கட்டடத்தில், ஐந்தாம் மாடி வீடொன்று விலைக்கு வந்திருப்பதைத் திரும்பும் வழியில் கண்டோம். சுவரில் ஈரம் ஊறிய தடம் உண்டு, வாவி தெரியாது, சாளரத்தைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் உடுப்புகளே தெரியும். ஆயின் படம் பதிவாகியிருக்கின்றதென்று சொந்தக்காரர் சொல்கின்றார், விலையும் குறைவு. மருமகளுக்கு முகம் வாடிற்று. மகன் ஒன்றும் பேசாமல் குளியலறைக் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்.

வியாழக்கிழமை மகன் தொலைபேசியில் அழைத்தார். அவ்வீட்டின் உறுதிப் பிரதியை நொத்தாரிசிடம் கொடுத்திருப்பதாகவும், காணிப் பதிவகத்து ஏடுகளைத் தேடிப் பார்த்து ஈடோ வழக்கோ உண்டா என அவர் சொல்வாரென்றும் கூறினார். அந்த அறிக்கை கைக்கு வருமுன் தாங்கள் எவரிடமும் காணிக்கு விலை பேச வேண்டாம். அறிக்கை நன்றாயின் இரண்டு பரப்பு விற்றாற் போதுமெனத் தோன்றுகின்றது. அதிலும், காணியில் தங்கள் தமையனாருக்குப் பங்கு இருப்பதாக எழுதியிருக்கின்றீர்கள். தேசவழமையின் கீழ் கூட்டுரித்தாளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதனை வகுத்துள்ளது. ஆகவே அவருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தே விற்க வேண்டும். ஊரார் ஏசுவதைப் பற்றி அவரிடமே முதலிற் பேசிவிடுங்கள்.

இவையெல்லாம் முடிய மாதம் இரண்டாவது செல்லும். தோட்டத்தில் வெங்காயம் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அதை இடையில் பிடுங்கிக் காயவைத்துக்கொள்ளலாம்.