சுமைகூலி முக்கால் பணம்

ஓர் ஊரின் வியாபாரம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் எல்லோரும் கடைவீதியைக் காட்டுவார்கள். ஆனால் கடைவீதிக்கு ஆள் வந்து சேருவது பஸ் நிலையத்தின் வழியாகத்தான். பஸ் நிலையம் இடம் மாறினால் அது முதலில் தெரிவது கல்லாப் பெட்டிக்கு. திருச்சி வணிகப் பெருமக்கள் இதை 2025 ஜூலையிலிருந்து கண்கூடாகப் பார்த்து வருகிறார்கள்.

மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூரில் சுமார் 40 ஏக்கர் பரப்பில், 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒருங்கிணைந்த பஸ் நிலையம் கட்டினார்கள். 2025 மே 9-ந் தேதி அது திறந்து வைக்கப்பட்டது. ஜூலை 16-ந் தேதி முதல் பஸ்கள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. கண்டோன்மெண்டில் இருக்கும் மத்திய பஸ் நிலையத்திற்கு வந்துபோன வெளியூர் பஸ்களில் பெரும்பகுதி பஞ்சப்பூருக்குப் போய்விட்டது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். புதிய பஸ் நிலையத்தை நாம் எதிர்க்கவில்லை. வில்லியம்ஸ் ரோடு, ராக்கின்ஸ் ரோடு, மெக்டொனால்ட்ஸ் ரோடு ஆகிய மூன்றும் பஸ்களால் திணறியதை நாம் அறிவோம். பண்டிகை நாட்களில் அந்தப் பக்கம் சரக்கு வண்டி நுழைய முடியாமல் நின்றதையும் அறிவோம். பழைய இடம் போதவில்லை என்பது உண்மை.

நமது கேள்வி வேறு. பயணிக்கு நிழல், இருக்கை, லிப்ட், நகரும் படிக்கட்டு எல்லாம் செய்தார்கள். அந்தப் பயணியின் தோளில் இருக்கும் மூட்டைக்கு என்ன செய்தார்கள்?

மதுரைச் சாலையில் விராலிமலை, துவரங்குறிச்சி பக்கத்துக் கிராமங்களில் மளிகைக்கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். பெரிய கடைக்காரர் போனில் சொன்னால் லாரியில் சரக்கு போய்விடும். அவருக்குப் பஸ் நிலையம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். சிறு கடைக்காரர் அப்படியல்ல. வாரம் ஒருமுறையோ இருமுறையோ விடியற்காலை பஸ் ஏறி, காந்தி மார்க்கெட்டுக்கும் பெரிய கடைவீதிக்கும் வந்து, பருப்பு, மிளகாய், சீரகம், பூண்டு, வெல்லம் என்று இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு, மதியத்துக்குள் ஊர் திரும்பிக் கடையைத் திறக்கிறவர் அவர். அவருக்குப் பஸ்தான் லாரி. அவர் வாங்குவது கொஞ்சம்தான், ஆனால் ரொக்கம். மண்டிக்காரருக்கு அன்றாடம் கையில் காசு புரளுவது இப்படிப்பட்டவர்களால்தான்.

மத்திய பஸ் நிலையத்திலிருந்து காந்தி மார்க்கெட் சுமார் 3 கிலோமீட்டர். பஞ்சப்பூரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அதோடு முடியவில்லை. புதிய நிலையத்தில் டவுன் பஸ்களுக்கு மேல்தளம், வெளியூர் பஸ்களுக்குக் கீழ்த்தளம். மார்க்கெட்டில் மூட்டையை டவுன் பஸ்ஸில் ஏற்றுவதே பெரும்பாடு. ஏற்றிவிட்டாலும் மேலே இறக்கி, கீழே கொண்டுவந்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்கும் என்றால் மொத்த லாபம் 320 ரூபாய். ஆட்டோவுக்கு 200 ரூபாய் போனால் மிச்சம் 120. அதில் பஸ் கட்டணம், சுமைகூலி, ஒரு வேளைச் சாப்பாடு போக என்ன தேறும்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இந்தக் கணக்கு இரண்டு மூன்று முறை உதைத்தால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். கடை வாசலுக்கே வேன் அனுப்பிச் சரக்கு இறக்கும் பெரிய நிறுவனங்கள் அவருக்காகக் காத்திருக்கின்றன. முதலில் விலை மலிவாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு மண்டி ஏறி இறங்கி, சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, பேரம் பேசி வாங்கும் உரிமை அவருக்குப் போய்விடும். அவசரத்துக்குக் கடன் சொல்ல முகம் தெரிந்த முதலாளியும் இருக்கமாட்டார். நமக்கோ, தலைமுறை தலைமுறையாக வந்த வாடிக்கை போய்விடும். போன வாடிக்கை திரும்புவது கடினம்.

இன்னொன்றையும் இப்போதே யோசிக்க வேண்டும். பஞ்சப்பூரில் காய்கறி அங்காடி ஒன்றுக்கும் அதே 2025 மே 9-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். காய்கறி ஓரிடத்திலும், மளிகை 10 கிலோமீட்டர் தள்ளி வேறிடத்திலும் என்று ஆனால், ஒரே நடையில் இரண்டும் வாங்கிப் போனவர் என்ன செய்வார்? கள்ளிக்குடியில் 2017-ல் கட்டிய மார்க்கெட் நமக்குப் பாடம். கட்டடம் எழும்பியது; காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போகவில்லை. வாங்குகிறவர் எப்படி வந்து எப்படித் திரும்புவார் என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் எந்த மார்க்கெட்டும் மார்க்கெட் ஆகாது. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் நிலையமும் காய்கறி மார்க்கெட்டும் அருகருகே இருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.

ஆகவே மாநகராட்சிக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்துக்கும் நமது வேண்டுகோள்கள் இவை. பஞ்சப்பூருக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் இடையே, விடியற்காலை 4 மணி முதல் பிற்பகல் வரை, பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டு மூட்டை வைக்க இடம் விட்ட டவுன் பஸ்கள் ஓட வேண்டும். லக்கேஜ் கட்டணத்தை எடைவாரியாகப் பஸ்ஸிலேயே எழுதி ஒட்ட வேண்டும். மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்குச் சரக்கு இறக்கத் தள்ளுவண்டியும், சுமைகூலி விகிதம் எழுதிய பலகையும் வேண்டும். 2022 ஆகஸ்டில் திருச்சி உள்ளிட்ட ஊர்களிலிருந்து சென்னைக்கு அரசு பஸ்ஸில் பார்சல் சேவை தொடங்கினார்கள். அதுபோல 30, 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களுக்கும் பார்சல் பதிவு இருந்தால், கடைக்காரர் வராமலே அவர் சரக்கு ஊர் போய்ச் சேரும். இவற்றுக்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதும் முறையல்ல. ஒரே தெருவில் இருக்கும் பத்து மண்டிக்காரர்கள் சேர்ந்தால், காலை 10 மணிக்கு ஒன்று, 12 மணிக்கு ஒன்று என இரண்டு நடை குட்டியானை வண்டியைப் பஞ்சப்பூருக்கு அனுப்பலாம். மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவாக ஒரு கூலி வைத்து, அதைச் சிட்டையிலேயே எழுதிவிடலாம். வெளியூர்க்காரர் வெறுங்கையோடு பஸ் நிலையம் போய், தம் பெயர் எழுதிய மூட்டையை அங்கே பெற்றுக்கொள்ளலாம். செலவில் ஒரு பங்கை நாம் ஏற்றாலும் நஷ்டமில்லை. அது வாடிக்கையைக் காக்கும் செலவு.

உங்கள் கடைக்கு வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து சரக்கு எடுப்பவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், எந்த நேரம் வருகிறார்கள், மூட்டை எத்தனை கிலோ என்று ஒரு மாதம் குறித்து வைத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வெறும் மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். கணக்கோடு போகிற வியாபாரியின் மனுவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.