தோளில் விழும் உதை

திருநாராயணபுரம் என்று வைணவர்கள் சொல்லும் மேல்கோட்டைக்குப் போகிற தமிழர்கள் செல்வப்பிள்ளையைச் சேவித்து, கல்யாணித் தீர்த்தத்தில் காலை நனைத்து, புளியோதரை சாப்பிட்டு, மாலைக்குள் மைசூர் திரும்பிவிடுகிறார்கள். மலையைச் சுற்றியுள்ள காட்டைப் பார்ப்பவர்கள் குறைவு. 1974-ல் ஓநாய்களுக்காக ஒதுக்கப்பட்ட சரணாலயம் அது. சுமார் 50 சதுர கிலோமீட்டர். அதன் ஓரத்தில் கேழ்வரகும் கரும்பும் தென்னையும் பயிரிடுகிற மக்கள் இருக்கிறார்கள். காடும் வயலும் ஒட்டியிருக்கும் இடத்தில் இரவுக் காவல் என்பது பரம்பரைத் தொழில்.

கர்நாடகத்தின் இத்தகைய காட்டோர கிராமங்களில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்று வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இருப்பது அதிசயமல்ல. மேற்கே குடகுக்குப் போனால் அது பரணில் இருக்காது. கூடத்துச் சுவரில் தொங்கும். செப்டம்பர் மாதம் வருகிற கைல் பொள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவார்கள். கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சலுகை அது. 2019-ல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

சட்டம் சலுகை தரலாம், தோள் தருவதில்லை. முப்பது வயதில் அலட்சியமாக வெடித்த அதே இரட்டைக் குழல் துப்பாக்கி, எழுபது வயதில் ஒருமுறை வெடித்தால் தோள்பட்டை இரண்டு நாளைக்கு நீலமாகக் கன்றிப்போகிறது. ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டில் சொல்லக் கூச்சப்படும் பெரியவர்கள், வலியை விழுங்கிக்கொண்டு துப்பாக்கியைத் துடைத்து வைக்கிறார்கள். இவர்களுக்கு உதைக்காத துப்பாக்கி உண்டா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘ரிகாயில்’ என்கிறார்கள். நம் பாடநூல்கள் ‘பின்னியக்கம்’ என்று மொழிபெயர்த்தன. பிழையில்லை, ஆனால் அதில் வலி இல்லை. ஊரில் ‘துப்பாக்கி உதைக்கும்’ என்பார்கள். மருந்தைத் தட்டி எரியவைக்கும் பாகத்துக்குத் தமிழில் ‘குதிரை’ என்றே பெயர். குதிரை இருக்கிற இடத்தில் உதை இல்லாமல் போகுமா?

இந்த உதையின் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். 12 போர் என்றால், அந்தக் குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் என்று பொருள். ஒரு தோட்டாவில் 28 கிராம் ரவை இருக்கிறது, அது விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் எடை 2.8 கிலோ என்றால், அது விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். தக்கையையும் புகையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு கிலோ படிக்கல்லை இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டதற்கு இது சமம்.

இந்தக் கணக்கில் மாற்றக்கூடியவை இரண்டு: துப்பாக்கியின் எடை, தோட்டாவின் எடை. 3.5 கிலோ துப்பாக்கியில் 24 கிராம் தோட்டாவை அதே வேகத்தில் வெடித்துப் பாருங்கள். படிக்கல் விழும் உயரம் ஒன்றே கால் மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர்கள் இந்த 24 கிராம் தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். டோக்கியோவில் 2021-ல் நடந்த போட்டியில் குவைத்தின் அப்துல்லா அல்-ரஷீதி 57 வயதில் வெண்கலம் வாங்கியது இதைக் கொண்டுதான்.

ஆக, வயதானவருக்கு லேசான துப்பாக்கி வாங்கிக் கொடுப்பது பாசமாகத் தோன்றலாம்; உண்மையில் அது தண்டனை. தூக்க லேசாக இருப்பது உதைக்கும்போது பாரமாகிவிடும். அதற்காக ஐந்து கிலோ இரும்பையும் கையில் கொடுக்க முடியாது. நீட்டிப் பிடிக்கும் இடதுகை நடுங்கினால் குறி எங்கே நிற்கும்? அரை நிமிடம் தோளில் அணைத்து நிற்க முடிகிற எடை எதுவோ அதுவே அவருக்கு உச்சவரம்பு. அதற்குள் கனமானதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

சிறிய குழல் வகைகளும் உண்டு. 20 போரும் அதனினும் சிறிய 410-ம் குறைவான ரவையைத் தள்ளுவதால் உதையும் குறைவு. ஆனால் நம் நாட்டில் 12 போருக்குத்தான் எங்கும் தோட்டா புழங்குகிறது. மற்ற அளவுக்குத் தோட்டா தொடர்ந்து கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்ட பிறகே விலை பேசவேண்டும். வெளிநாடுகளில் முதியவர்கள் விரும்புவது வேறொரு வகை. வெடித்த வாயுவின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது. ஒரே அடியாக வரும் உதையை நீட்டி, தள்ளலாக மாற்றிவிடும். நம் சட்டத்தில் இத்தகைய பாதித் தானியங்கிகள் கட்டுப்படுத்தப்பட்ட வரிசையில் வருகின்றன. சாதாரண விவசாயி உரிமத்தில் அதை எதிர்பார்ப்பதற்கில்லை.

கையில் இருக்கும் துப்பாக்கியையே மிருதுவாக்க வழிகள் உண்டு. கட்டையின் அடிப்பகுதியில் இருப்பது இரும்புத் தகடா, ரப்பர் பட்டையா என்று பாருங்கள். தகடு என்றால் மாற்றுங்கள், செலவு சொற்பம். கட்டையின் நீளம் ஆளுக்குப் பொருந்தவேண்டும். தோளுக்கும் கட்டைக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியைக் கடந்து வந்து அடிக்கும். அப்பாவின் உயரத்துக்குச் செய்த துப்பாக்கி மகனுக்குப் பொருந்தாமல் கன்னத்தில் அறைவதும் உண்டு.

பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அவற்றில் பல, 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று செய்தவை. இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர். உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வெடித்து விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உதை கூடுவது சின்ன விஷயம், குழலே பிளக்கக்கூடும். குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவைப் படிக்கத் தெரிந்த ஆயுத மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் தோளில் துப்பாக்கியை அணைப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். காதுக்கு அடைப்பான் எல்லோருக்கும் வேண்டும்.

இத்தனை பேச்சும் வலியைப் பற்றியது மட்டுமல்ல. உதைக்குப் பயந்த தோள், விசையை இழுப்பதற்கு முன்பே சுருங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது, குழல் விலகுகிறது. குறி தவறிய ரவை எங்கோ போகிறது. பன்றியின் வயிற்றில் பட்டு அது காட்டுக்குள் ஓடி மூன்று நாள் துடித்துச் சாகலாம். பக்கத்து வயலில் காவலிருப்பவன் மேலும் படலாம். வயதானவரின் தோள்வலி அவருடைய சொந்த விஷயம் என்று வீட்டார் விட்டுவிட முடியாதது இதனால்தான்.

சுடலாமா என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். சரணாலயத்துக்குள் பேச்சுக்கே இடமில்லை. வெளியே வயலில் வந்து நிற்கும் காட்டுப்பன்றியும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பிராணிதான். உரிமம் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு அல்ல. அதைச் சுடத் தனி உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு தரும் அதிகாரத்தைக் கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2025-ல் வேறு வழியை எடுத்தது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையினரே சுடுவார்கள் என்றது. மூன்று மாநிலங்கள் கூடும் இந்த மலைப்பகுதிகளில் பன்றிக்கு எல்லைக்கோடு தெரியாது. விவசாயி தெரிந்துகொண்டாக வேண்டும்.

2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமம் பெற்றவர் எழுபது வயதை எட்டினாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தாம் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம். சாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுபது என்று எழுதிய அதிகாரி தோளை நினைத்து எழுதினாரோ, கோப்பை நினைத்து எழுதினாரோ, எண் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

துப்பாக்கியைக் கைமாற்றுவது நம் ஊரில் சாவியைக் கைமாற்றுவதைப் போன்றது. கொடுத்தபின் திண்ணைதான் மிச்சம் என்ற பயம் பெரியவர்களுக்கு இருக்கிறது. அதனால்தான் வலியை மறைக்கிறார்கள். கனமான துப்பாக்கி, சன்னமான தோட்டா, ரப்பர் பட்டை - இவை சில வருஷங்களை வாங்கித் தரும். அந்த வருஷங்களில் இரவில் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்போது சுடக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். அதற்குத் தோள் வேண்டியதில்லை.