பகைவன் யார்?

நாட்டார் பாடலுக்கு ஆசிரியன் இல்லை, காலம் இல்லை, கட்சியும் இல்லை. அது தேசத்தின் ஆன்மாவில் தானே ஊறுவது என்று கூறுவோர் இன்றும் உளர். இக்கூற்று எத்துணைப் போலியானது என்பதற்கு, இத்தாலியின் தேசபக்தி நாட்டுப்பாடலென உலகெங்கும் போற்றப்படும் ‘பெல்லா சாவ்’ ஒன்றே போதிய சான்றாகும். நாட்டினுட் பகைவன் புகுந்ததைக் கண்ட ஒருவன் காதலியிடம் விடைபெற்று எதிர்ப்புப் படையினரைச் சேர்வதும், மாண்டால் தன்னை மலைமீது புதைக்குமாறு வேண்டுவதுமே அதன் பொருள்.

1943 செப்ரெம்பர் முதல் 1945 ஏப்பிரல் வரை நாசிப் படைகளையும் முசோலினியின் கைப்பாவை அரசையும் எதிர்த்து நின்றோரில் மிகப் பலர் பாடியது இதனையன்று. சிற்சில குழுவினரே இதனை அறிந்திருந்தனர் என்பது ஆய்வாளர் துணிபு. பெரும்பாலோர் நாவில் நின்றது ‘பிஸ்கியா இல் வெந்தோ’. ‘கத்யூஷா’ என்னும் சோவியத் பாடலின் மெட்டில் அதனை இயற்றிய இளம் மருத்துவர் பெலிச்சே காசியோனே, ஒரு கம்யூனிஸ்ட். 1944 ஜனவரியிற் களத்தில் வீழ்ந்தவர். அப்பாடலிற் செம்மை வெளிப்படையாக உண்டு. ‘பெல்லா சாவ்’வில் அது இல்லை. போருக்குப் பின் எல்லாக் கட்சியாரும் கூசாமற் பாடுவதற்கு ஏற்றது எதுவோ அதுவே ‘தொன்மையான தேசிய கீதம்’ ஆயிற்று!

அதிற் பகைவன் புகுந்தவன், வெளியிலிருந்து வந்தவன். உள்ளூர்ப் பாசிஸ்ட் எங்கே? 1920களின் தொடக்கத்திற் கருஞ்சட்டையினருக்குப் பணம் ஈந்து விவசாயச் சங்கங்களை எரிப்பித்த நிலக்கிழார் எங்கே? அந்நியனைச் சபிப்பது எளிது. 1964இல் ஸ்பொலேற்றோ விழாவில் ‘பெல்லா சாவ்’ என்ற பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. கொரீசியாவில் 1916இல் மடிந்த சிப்பாய்கள் சார்பில் சொந்த நாட்டு அதிகாரிகளைச் சாடும் பாடலொன்று மேடையில் எழுந்ததும் அரங்கிற் கூச்சல் கிளம்பிற்று; இராணுவத்தை இழிவுபடுத்தினர் என்று பொலிசில் முறைப்பாடும் செய்யப்பட்டது. நாட்டார் கலை மீது கனவான்கள் கொண்ட காதல் அவ்வளவே.

இதற்கு மறுப்பாக முற்போக்காளர் சிலர், வடஇத்தாலிய வயல்களிற் களை பறித்த பெண்களின் பழம்பாடலிலிருந்தே இது பிறந்தது என்பர். 1962இல் ஜொவன்னா தாபினி பாடிப் பதிவான வடிவத்தை அவர்கள் காட்டுவர். நுளம்புக் கடியும், பிரம்பேந்திய கங்காணியும், அற்பக் கூலியும் அதில் உள. ஆனால் அச்சொற்களை 1951இல் இயற்றியவன் நானே என்று, தாபினியின் ஊராகிய குவால்தியேரியைச் சேர்ந்த வாஸ்கோ ஸ்கன்சானி 1965இற் கட்சி நாளேட்டுக்கு எழுதினார். பேரனையே பாட்டனாக்கிவிட்டனர் அன்பர்கள்!

இதனால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. பழமை என்ற போலிச் சான்றிதழைக் காட்டிலும் இவ்வுண்மை பெறுமதி வாய்ந்தது. விடுதலை பெற்று ஆறாண்டு கழிந்த ஒரு நாட்டில், விடுதலைப் பாடலின் மெட்டை எடுத்து, அந்நியன் நின்ற இடத்திற் கங்காணியை நிறுத்தினான் ஓர் உழைப்பாளி. பாடல் எவனைப் பெயர் சொல்ல மறந்ததோ அவனை வயலிற் கண்டவர்கள் மறக்கவில்லை.

2017இல் ஒரு ஸ்பானியத் தொலைக்காட்சித் தொடர் இம்மெட்டைக் கொள்ளையர் வாயில் இட்டு உலகச் சந்தையில் விற்றது; அதை விடுவோம். 2020இற் தில்லியின் எல்லைகளில் விவசாயிகள் திரண்டபோது அதே மெட்டிற் பஞ்சாபிச் சொற்கள் ஏறின. அங்கே விரட்டப்பட்டவை மூன்று வேளாண் சட்டங்கள். அவை 2021இல் மீளப்பெறப்பட்டன.