ஒரே கதையோடு போகவேண்டியவள்!

ஒரு கதைக்காக மட்டும் வரையப்பட்ட பெண் அவள். அது முடிந்ததும் அவளை விட்டுவிடுவதாகத்தான் ஏற்பாடு.

1967-ல் பிரான்ஸின் 'பிலோட்' வார இதழில் 'வலேரியன்' என்ற விண்வெளிச் சித்திரக்கதை ஆரம்பமானது. வரைந்தவர் ழான் க்ளோட் மெஸியேர். எழுதியவர் அவருடைய சின்ன வயதுச் சிநேகிதர் பியேர் கிறிஸ்தான். வண்ணம் தீட்டியவர் மெஸியேரின் சகோதரி எவ்லின். கிட்டத்தட்ட குடும்பத் தொழில் மாதிரிதான்!

ஹீரோ வலேரியன் 28-ம் நூற்றாண்டு ஆசாமி. காலம் விட்டுக் காலம் தாவுவது அவன் வேலை. குற்றவாளி ஒருவனைத் துரத்திக்கொண்டு 11-ம் நூற்றாண்டு பிரான்ஸுக்கு வருகிறான். காட்டில் சிக்கிக்கொண்ட அவனைக் காப்பாற்றுகிறாள், செம்பட்டைக் கூந்தல்காரி லோர்லின். அவன் எந்தக் காலத்து ஆள் என்ற ரகசியமும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வேறு வழி? எதிர்காலத்துக்குக் கூட்டிப்போகிறான்.

அத்தோடு அவள் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாசகர்களுக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. பறக்கும் தட்டு போன்ற அந்த விண்கலத்தில் அவளுக்கும் நிரந்தர இடம் கிடைத்தது.

அந்தக் காலத்து விண்வெளிக் கதைகளில் பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டே வேலைகள். ராட்சசனைக் கண்டு அலறுவது, ஹீரோ வந்து தூக்கிப்போகும்வரை காத்திருப்பது. லோர்லினை அப்படி வரைய மெஸியேருக்கு மனம் வரவில்லை போலும். 1975-ல் புத்தகமான 'நிழல்களின் தூதர்' கதையைப் பாருங்கள். பூமியின் தூதரைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்க இருவரும் போகிறார்கள். போய் இறங்கியதுமே தூதரையும் வலேரியனையும் யாரோ கடத்திவிடுகிறார்கள். மிச்சக் கதை முழுக்க லோர்லின் ராஜ்ஜியம்தான். நூற்றுக்கணக்கான இனங்கள் வாழும் அந்த விண்வெளி நகரத்தில் மூலைமுடுக்கெல்லாம் தேடி அலைகிறாள். கையில் ஒரு சிடுமூஞ்சிக் குட்டிப் பிராணி. எந்த ஊர்க் காசை ஊட்டினாலும் அதை அப்படியே பிரதியெடுத்துக் கொட்டும். செலவுக்குக் கவலையில்லை! (நம் வீட்டுக்கும் ஒன்று கிடைத்தால் தேவலை.)

இத்தனை செய்தும் தொடரின் பெயர் 'வலேரியன்'தான். அவள் பெயரும் சேர்ந்து 'வலேரியனும் லோர்லினும்' என்று ஆனது 2007-ல். அதாவது, 40 வருடம் கழித்து!

சரி, இனியாவது மரியாதை கிடைக்கும் என்று பார்த்தால், 2017-ல் லூக் பெஸோன் இதைப் படமாக எடுத்தார். ஆதாரமாக எடுத்துக்கொண்டது அதே 'நிழல்களின் தூதர்' கதையை. ஹீரோ பாதி நேரம் காணாமல் போகிற கதை! படத்தின் பெயர்? 'வலேரியனும் ஆயிரம் கிரகங்களின் நகரமும்'. மறுபடியும் அவளைக் காணோம்.

மெஸியேர் 2022-லும் கிறிஸ்தான் 2024-லும் மறைந்தார்கள். லோர்லின் என்பது கிறிஸ்தான் கதைக்காக உருவாக்கிய பெயர். கதையைப் படித்து வளர்ந்தவர்கள் தங்கள் மகள்களுக்கு அதைச் சூட்ட ஆரம்பித்தார்கள். இன்று பிரான்ஸில் நிஜ லோர்லின்கள் பலர் இருக்கிறார்கள்.