டெண்டர் யந்திரமும் தொழிலாளி கூலியும்

சர்க்கார் கொள்முதல் அனைத்தும் இனிக் கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கும், ஆகவே லஞ்சத்துக்கும் சலுகைக்கும் இடமில்லை என்று மந்திரிகளும் அதிகாரிகளும் மேடைதோறும் கூறி வருகிறார்கள். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. மற்றப் பாதியைப் பற்றித்தான் திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர் வட்டாரத் தொழிலாளர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

பழைய முறை எப்படி இருந்தது? ஆபீஸ் வராந்தாவில் டெண்டர் பெட்டி இருக்கும். கடைசி நாளன்று பெட்டிக்கு முன்னால் அடியாட்கள் நிற்பார்கள். வெளியூர்க்காரன் கவரைக் கொண்டுவந்தால் வாசலிலேயே மடக்கப்படுவான். உள்ளே போக முடிந்த நாலைந்து கண்டிராக்டர்கள் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு என்று பேசி முடித்துக்கொண்டு போவார்கள். ரோடும் பாலமும் ஆஸ்பத்திரிப் போர்வையும் இப்படித்தான் பங்கிடப்பட்டன.

இதற்குக் கடிவாளம் போடத்தான் தமிழ்நாட்டில் 1998 ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. டெண்டர் விவரங்களை மாநில, மாவட்ட புல்லட்டின்களில் வெளியிட வேண்டும் என்று அது விதித்தது. 2003 இல் ஆந்திர சர்க்கார் கம்ப்யூட்டர் டெண்டரை ஆரம்பித்தது. 2016 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ‘ஜெம்’ என்னும் மின்னணுச் சந்தையைத் திறந்தது. வெள்ளையர் காலத்தில் வேர்கொண்ட டி.ஜி.எஸ். அண்டு டி. என்ற கொள்முதல் இலாகாவை 2017 அக்டோபர் 31 அன்று இழுத்து மூடியது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பும் 2014 இல் விதி போட்டு, 2018 அக்டோபருக்குள் எல்லா டெண்டரும் மின்னணு முறையிலேயே வர வேண்டும் என்று கெடு வைத்தது.

பெட்டி போயிற்று, வாசலில் நின்ற அடியாளும் போனான். நல்லதுதான். சிண்டிகேட் போயிற்றா? மூன்று கம்பெனிகளின் மின்னணுக் கையெழுத்துச் சாவிகளை ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு ஒரே குமாஸ்தா மூன்று டெண்டர் போட்டால் எந்த யந்திரம் கையைப் பிடிக்கப் போகிறது? மத்தியப் பிரதேசத்தில் 2018 இல் என்ன நடந்தது என்று பாருங்கள். யந்திரத்துக்குள் அடைத்து வைத்த விலைகளை யாரோ பார்த்து, வேண்டிய கம்பெனியின் தொகை மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும்படி மாற்றிவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. மூன்று குடிநீர்த் திட்ட டெண்டர்கள் ரத்தாயின. 2019 ஏப்ரலில் ஒன்பது டெண்டர்கள் பற்றிப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பது கோர்ட்டின் வேலை. ஒட்டிய கவருக்குள்ளும் கை போகும் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. யந்திரத்துக்கு லஞ்சம் கொடுக்க முடியாதுதான். அதன் சாவியை வைத்திருப்பவனுக்குக் கொடுக்க முடியாதா?

ஆனால் திருட்டு நடக்காத டெண்டரைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். விதிப்படி, ஒரு பைசா லஞ்சம் இல்லாமல் நடந்த டெண்டரில் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது?

ஜெம் சந்தையில் தலைகீழ் ஏலம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. மாட்டுச் சந்தை ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். இங்கே இறங்கிக்கொண்டே போகும். குறித்த நேரத்துக்குள் ஒருவன் குறைக்க, அடுத்தவன் அதற்கும் கீழே குறைக்க வேண்டும். பள்ளிக்கூடச் சீருடைக்கோ ஆஸ்பத்திரித் துணிக்கோ இப்படி விலை இறங்கும்போது எந்தச் செலவு இறங்குகிறது? நூல் விலையை மில் முதலாளி குறைக்க மாட்டான். சாயப்பட்டறைக்காரன் குறைக்க மாட்டான். மின் கட்டணம் குறையாது. மிச்சம் இருப்பது ஓவர்லாக் தைப்பவளின் பீஸ் ரேட்டு, செக்கிங் பார்க்கும் பெண்ணின் நாள் கூலி, தறிக்காரனின் மீட்டர் கூலி. டெண்டர் எடுத்தவன் உள்கண்டிராக்ட் விடுகிறான். அவன் இன்னொருவனுக்கு விடுகிறான். கம்ப்யூட்டரில் குறைந்த ஒவ்வொரு ரூபாயும் படிப்படியாக இறங்கி வந்து தையல் மிஷின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

சிறு தொழில்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. மத்திய சர்க்கார் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று உத்தரவு. ஆனால் அதன் உள்ளே பாருங்கள். ஆகக் குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை அதிகம் கேட்ட சிறு முதலாளி, அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால்தான் ஆர்டரில் பங்கு. இறங்குவதற்கு அவனிடம் கூலியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நமது ஜில்லாவில் நன்கு தெரிந்த உதாரணம் வேட்டி சேலைத் திட்டம். 1983 இல் ஆரம்பித்த இத்திட்டத்தில் ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிக்கு மேல் சேலைகளும், ஏறத்தாழ அதே அளவு வேட்டிகளும் ஏழை மக்களுக்குப் போகின்றன. ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பகுதி விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது பல மாத வேலை. இதற்கான நூல் டெண்டர் மூலமே வாங்கப்படுகிறது. நூல் தாமதமாக வந்த ஆண்டுகளில் தறி சும்மா நின்றது. நூல் வந்த பிறகோ இரவு பகலாக அடிக்கச் சொன்னார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற விவசாயத் தொழிலாளிக் குடும்பம் பொங்கலுக்குக் கட்ட வேண்டிய சேலைக்குப் பொங்கல் கழிந்தும் ரேஷன் கடையில் காத்து நின்றது. டெண்டர் என்பது ஏதோ கண்டிராக்டர் சமாசாரம், நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. தறி ஓட்டுகிறவனும் நாற்று நடுகிறவளும் ஒரே டெண்டரின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

ஐரோப்பாவைப் பார், எல்லாம் மின்னணு மயம் என்று நமக்குப் பாடம் சொல்பவர்கள் அதே 2014 விதியின் இன்னொரு பக்கத்தை மட்டும் புரட்டுவதே இல்லை. அதன் 69வது பிரிவு சொல்வது இதுதான்: ஒரு டெண்டரின் விலை அசாதாரணமாகக் குறைவாக இருந்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும். தொழிலாளர் சட்டத்தை மீறித்தான் அந்த விலை வந்தது என்று தெரிந்தால் டெண்டரைத் தள்ளியே தீர வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் ஒப்பந்தங்கள் சிலவும் அதில் பட்டியல் போடப்பட்டிருக்கின்றன. சங்கம் சேரும் உரிமை பற்றிய 87வது ஒப்பந்தமும், கூட்டுப் பேர உரிமை பற்றிய 98வது ஒப்பந்தமும் அதில் உண்டு. இந்த இரண்டையும் இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை! அங்கே எல்லா நகரசபைகளும் இதை ஒழுங்காக அமல் நடத்துகின்றன என்று நாம் நம்பவில்லை. அங்கும் முதலாளி முதலாளிதான். ஆனாலும் காகிதத்தில் இருப்பதைக் காட்டித்தான் தொழிலாளி சண்டை போட முடியும்.

இங்கே? 1998 சட்டத்தின் 10வது பிரிவு ஆகக் குறைந்த டெண்டரை ஏற்கச் சொல்கிறது. அந்தத் தொகைக்குள் கூலி எவ்வளவு என்று கேட்கும் ஒரு வரி அதில் இல்லை. 11வது பிரிவு அப்பீல் உரிமை தருகிறது, யாருக்கு? டெண்டர் போட்டுத் தோற்றவனுக்கு. அவன் பத்து நாளில் சர்க்காரிடம் முறையிடலாம். அந்த டெண்டரால் கூலி குறைந்தவனுக்கு முறையிட இடமில்லை. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுத் தொழிலாளர்கள், தங்கள் வேலையைத் தனியார் கண்டிராக்டில் விடுவதை எதிர்த்து ரிப்பன் கட்டிடத்தின் முன் பதின்மூன்று நாள் நடைபாதையில் உட்கார்ந்தார்களே, ஏன்? கேட்பதற்கு நடைபாதையைத் தவிர அவர்களுக்கு வேறு மேஜை வைக்கப்படவில்லை. நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. சர்க்கார் கண்டிராக்டில் வேலை செய்பவனுக்கு அந்த வட்டாரத்தில் அதே தொழிலில் உள்ள கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1949 இலேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 94வது ஒப்பந்தம் செய்தது. இந்தியா அதையும் ஏற்கவில்லை. 24-7-2025 அன்று பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டு, மத்திய சர்க்கார் கொள்முதலில் ஒரு பகுதியை அந்நாட்டுக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட டில்லிக்கு நேரம் இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஒரு கையெழுத்துக்கு நேரமில்லை!

யந்திரம் இருக்கட்டும். அதில் இன்னும் சில கட்டங்களைச் சேருங்கள் என்கிறோம். டெண்டர் போடுகிறவன் மொத்த விலையில் கூலி எவ்வளவு, எத்தனை பேர் வேலை செய்வார்கள், எந்த ஊரில் என்று தனியாக எழுத வேண்டும். ஒப்பந்தக் கூலிக்குக் கீழே எழுதியதை யந்திரமே திருப்பி அனுப்ப வேண்டும். உள்கண்டிராக்டர் பெயரும் வெளியில் தெரிய வேண்டும். பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீது ஏறாமல் பில் பாஸ் ஆகக் கூடாது. பத்து நாள் அப்பீல் உரிமை தொழிற்சங்கத்துக்கும் வேண்டும். அடுத்த பொங்கலுக்கான நூல் டெண்டரிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம். டெண்டர் நோட்டீஸ்கள் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி கிடக்கின்றன. விசைத்தறி, பனியன், துப்புரவுச் சங்கங்களின் கிளைகள் ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறை ஒரு தோழரை உட்கார வைத்து நமது ஜில்லாவின் நோட்டீஸ்களைப் படிக்கச் செய்யட்டும். விலை முடிவாவதற்கு முன்பே கலெக்டரிடம் மகஜர் போகட்டும்.