ஆறு மாதம் என்றால் எத்தனை ஆண்டு?

2016 ஜூலை 29-ம் தேதி அமெரிக்காவின் மெடிக்கேர், மெடிக்கெய்டு நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டெக்சாஸ், இல்லினாய், ஃபுளோரிடா, மிச்சிகன் ஆகிய நான்கு மாநிலங்களிலும், மூலை முடுக்கு விடாமல், வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் புதிய ஹோம் ஹெல்த் ஏஜென்சி எதையும், முதியோருக்கான மெடிக்கேரிலோ வசதியற்றோருக்கான மெடிக்கெய்டிலோ சேர்க்கமாட்டோம் என்றார்கள். ஆறு மாதத்துக்குத்தானாம். 2013 ஜூலையில் மயாமியையும் சிகாகோவையும் பூட்டியபோதும் ‘ஆறு மாதம்’ என்றுதான் சொன்னார்கள். 2014 ஜனவரியில் ஹூஸ்டன், டாலஸ், டெட்ராய்ட், ஃபோர்ட் லாடர்டேல் வட்டாரங்களிலும் பூட்டு விழுந்தது. கெடு முடியும்போதெல்லாம் அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தது, கெடு நீண்டது. 2016 ஜூலையில் வந்தது ஆறாவது நீட்டிப்பு. சிகாகோவில் அந்த ஆறு மாதத்துக்கு அப்போது மூன்று வயது நிறைந்துவிட்டிருந்தது.

தடைக்குச் சொன்ன காரணம் மோசடி. மோசடியே நடக்கவில்லை என்று நாம் வாதாடவில்லை. டாலஸ் டாக்டர் ஜாக் ராய் மீதான 375 மில்லியன் டாலர் வழக்கில் 2016 ஏப்ரலில்தான் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏஜென்சிகளின் நோயாளிகள் 11,000 பேருக்கு வீட்டுச் சிகிச்சை தேவை என்று 2006 முதல் 2011 வரை அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஏஜென்சிகளெல்லாம் ஏற்கெனவே மெடிக்கேர் எண் பெற்று, பில் அனுப்பி, பணம் வாங்கிக்கொண்டிருந்தவை. திருடன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது வாசலைப் பூட்டிவிட்டு, காவல் பலமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதை என்னவென்பது?

ஒரு மாவட்டத்தைப் பூட்டினால் பக்கத்து மாவட்டத்தில் பதிந்துகொண்டு உள்ளே வந்து வேலை பார்க்கிறார்கள், அதனால்தான் மாநிலம் முழுவதும் தடை என்று காரணம் சொன்னார்கள். பக்கத்து மாவட்டம் சரி. டெட்ராய்ட்டிலிருந்து அதே மிச்சிகனில் இருக்கும் மார்கெட் ஊருக்கு நானூறு மைலுக்கு மேல். அங்கிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து எவர் டெட்ராய்ட்டில் மோசடி செய்யப்போகிறார்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, வரிசையில் பாதி தூரம் வந்து நின்றவர்களுக்குச் செய்த காரியம்.

ஒரு பிசியோதெரபிஸ்ட் சொந்தமாக ஏஜென்சி தொடங்கி மெடிக்கெய்டு நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ‘தனியாளாகப் பதிந்துகொள்ளலாமே’ என்பார்கள். பதியலாம், கிளினிக் வைத்தும் நடத்தலாம். ஆனால் மெடிக்கெய்டின் வீட்டுச் சிகிச்சைப் பிரிவில் பணம் பெரும்பாலும் ஏஜென்சி வழியாகத்தான் வரும். அந்த ஏஜென்சியோ மெடிக்கேர் வைத்திருக்கும் நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றியதாக இருக்க வேண்டும். மெடிக்கேர் கதவு மூடினால் மெடிக்கெய்டு கதவும் மூடியதுதான்.

முதலில், கேட்கும் மாநிலங்களில் மாநில உரிமம். பிறகு விண்ணப்பம், கட்டணம் 2016-ல் 554 டாலர். புதிய ஏஜென்சி என்றாலே ‘அதிக ஆபத்து’ப் பட்டியல், 5 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் வரை கைரேகை கொடுக்க வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பெரிய வேடிக்கை. ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முன்பே குறைந்தது பத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்திருக்க வேண்டும். ஆய்வு நாளில் ஏழு பேராவது சிகிச்சையில் இருக்க வேண்டும். அதற்கு அரசிடமிருந்து ஒரு சென்ட் வராது. நர்ஸுக்குச் சம்பளம், பிசியோவுக்குச் சம்பளம், வாடகை, காப்பீடு எல்லாம் சொந்தக் கைக்காசு. மாநில ஆய்வாளர்களின் பட்டியலில் புதியவர்களுக்குக் கடைசி இடம் என்பதால், தனியார் தரச்சான்று அமைப்புக்குப் பணம் கட்டி அந்த ஆய்வை வாங்குகிறவர்களே அதிகம்.

இந்த வழியில் போனவர்களில் நம்மவர்களும் உண்டு. சென்னையிலோ கோவையிலோ பிசியோதெரபிப் பட்டம் முடித்து, இங்கே வந்து உரிமத் தேர்வு எழுதி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் அடுத்தவர் ஏஜென்சிக்காகக் காரோட்டித் திரிந்து, வீட்டின் பேரில் கடன் வாங்கி, ‘இனி நம் பெயரில்’ என்று இறங்கியவர்கள். டிக்கியில் நடைப் பயிற்சிக்கான இடுப்புப் பட்டை, மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவி, கலர் கலராக ரப்பர் பட்டைகள். பின் சீட்டில் கொள்கை விளக்கக் கோப்புகள் நான்கு. பத்து நோயாளிகளையும் பார்த்து முடித்து ஆய்வுத் தேதிக்குக் காத்திருந்தவருக்கு ஜூலை 29 அன்று கிடைத்தது என்ன? ஒப்புதல் வராத விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பது அப்போதைய விதி. நேற்று விண்ணப்பித்தவருக்கும் ஓராண்டு காத்திருந்தவருக்கும் ஒரே பதில். விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். பத்து நோயாளிகளுக்குக் கைக்காசு போட்டுச் செய்த சிகிச்சையை யார் திருப்பித் தருவார்கள்?

நீதிமன்றம் போகலாமே என்றால் அந்த வழியும் இல்லை. இந்தத் தடையை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக்கூடாது என்று 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். தட்டுப்பாடுள்ள இடங்களுக்கு விதிவிலக்கு உண்டு என்றார்கள். தட்டுப்பாடு இருக்கிறது என்று யார் நிரூபிக்க வேண்டியிருந்தது? நிராகரிக்கப்பட்டவரேதான்.

இதில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். புதிய எண் கிடைக்காது என்றால் பழைய எண்ணுக்கு விலை ஏறும். வாங்கி மூன்று ஆண்டு ஆன ஏஜென்சியைக் கைமாற்றிவிடத் தடை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஒழுங்காக விண்ணப்பித்தவர் தெருவில் நிற்க, எண் வைத்திருந்தவர் அதை வீட்டு மனைபோல விற்க முடிந்தது. மோசடியை ஒழிக்கக் கொண்டுவந்த விதி, மோசடிக்காரன் கையில் இருந்த சரக்குக்கும் மதிப்புக் கூட்டிக் கொடுத்தது.

இந்த யோசனையெல்லாம் வந்தது பால்டிமோரில் இருக்கும் மெடிக்கேர் மேலிடத்திலிருந்து. அவர்களுடைய கைவண்ணத்தை நாடு முன்பே பார்த்திருக்கிறது. 2013 அக்டோபர் 1-ம் தேதி மருத்துவக் காப்பீட்டுக்கென்று இணையதளம் திறந்தார்கள். முதல் நாளில் அதன் வழியாகக் காப்பீடு எடுக்க முடிந்தவர்கள் ஆறு பேர். அந்தத் தளத்தைத் திறந்த கைகள்தான் அதே ஆண்டு ஜூலையில் இந்தக் கதவை மூடியவை.

2011-ல், வீட்டுச் சிகிச்சை ஏன் தேவை என்று டாக்டரே விளக்கக் குறிப்பு எழுத வேண்டும் என்றார்கள். குறிப்பு போதவில்லை என்று பில்களைத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு ஆண்டு பாடுபடுத்திவிட்டு, 2015 ஜனவரியில் அந்தக் குறிப்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். 2015 கணக்குப்படி வீட்டுச் சிகிச்சைக்குக் கொடுத்த 100 டாலரில் 59 டாலர் முறையற்றது என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். அதில் பெரும்பகுதி தாளில் இருந்த குறை. திருட்டையும் தாள் குறையையும் ஒரே கூடையில் போட்டு எடை காட்டிவிட்டு, பார்த்தீர்களா எவ்வளவு கனம் என்றார்கள்.

இன்னும் பெரிய பாவம் ஒன்று உண்டு. ‘உடல் தேறாதென்றால் பிசியோதெரபிக்குப் பணம் இல்லை’ என்று பல ஆண்டுகளாக நோயாளிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண் பார்வையற்று, ஒரு காலும் இழந்த வெர்மான்ட் மூதாட்டி கிளெண்டா ஜிம்மோ வழக்குப் போட்டார். இருக்கும் நிலை மோசமாகாமல் காப்பதும் சிகிச்சைதான் என்ற உடன்பாட்டை 2013 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்றது. அதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய வேலையையாவது ஒழுங்காகச் செய்தார்களா? சொன்னது போதாது, திருத்துங்கள் என்று 2016 ஆகஸ்ட் 17-ம் தேதி அதே நீதிமன்றம் மறுபடியும் குட்ட வேண்டியிருந்தது. அந்தக் குட்டு விழுவதற்கு முன்பே இல்லினாயில் இன்னொரு சோதனை: அதே ஆகஸ்ட் 3 முதல், பில் அனுப்புவதற்கு முன்பே ஆவணங்களை அனுப்பி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். புதியவனுக்குக் கதவு இல்லை. உள்ளே இருப்பவனுக்கு மூச்சு இல்லை.

மேலிடத்துக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறோம். பக்கவாதம் வந்து தேறும் ஒரு பெண்ணுக்குக் கிளினிக்கில் நான்கு மரப்படி ஏறக் கற்றுக்கொடுக்கலாம். அவரைத் தள்ளிவிடப்போவது அந்தப் படி இல்லை. வீட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பு. எந்தக் கையால் சுவரைப் பிடிப்பது, எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பது என்பதை அந்தக் குளியலறையிலேயே, இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுதான் சொல்லித்தர முடியும். அதைச் செய்யத் தெரிந்தவரைத்தான் வெளியே நிறுத்தினார்கள்.

மாநிலத் தலைநகரங்களில் இருந்தவர்களும் வேடிக்கை பார்த்திருக்கத் தேவையில்லை. தடையால் மெடிக்கெய்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகும் என்று ஒரு மாநிலம் கருதினால், தன் மெடிக்கெய்டு அளவில் அதைப் பின்பற்றாமல் இருக்க விதியிலேயே இடம் இருக்கிறது. அந்தக் கதவை ஆஸ்டினும் ஸ்பிரிங்ஃபீல்டும் திறந்திருக்க வேண்டும். பால்டிமோரில் இருந்தவர்கள், திருடனையும் தொழில் செய்ய வந்தவனையும் பிரித்துப் பார்க்க வழி கண்டிருக்க வேண்டும். சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

அடுத்த கெடு 2017 ஜனவரி இறுதியில் முடிய வேண்டியது. அப்போதும் முடியாமல், 2019 ஜனவரியில்தான் தடை விலகியது.